ஒரு வேளை மருந்து, நான்கு எண்கள்

குழந்தைகள் வார்டில் இரவு எட்டு மணி. இரண்டு வயதுப் பையனுக்கு ஆறு மணிக்கே காய்ச்சல் மருந்து கொடுத்தாயிற்று. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸ் மேசைக்கு வருகிறார்.

"சிஸ்டர், உடம்பு இன்னும் கொதிக்குது. அந்த மருந்தையே இன்னொரு தடவை குடுங்களேன்."

"பன்னெண்டு மணிக்குத்தாம்மா அடுத்த டோஸ். கனமான துணியெல்லாம் எடுத்துட்டு, தண்ணி, கஞ்சி குடுத்துக்கிட்டே இருங்க. பத்து நிமிஷத்துல வந்து டெம்பரேச்சர் பாக்குறேன்."

அம்மாவுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். அவர் கேட்டது அபூர்வ மருந்து ஒன்றுமில்லை, பாரசிட்டமால். எங்கள் ஊர்களில் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். தலைவலி என்றால் யாரையும் கேட்காமல் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அதே மருந்தை வார்டில் கொடுக்கும்போது மட்டும் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார், மூன்று நாளாகத் தெரிந்த பிள்ளையின் பெயரை மறுபடி கேட்கிறார், எடையைப் பார்க்கிறார், கொடுத்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். இத்தனை சடங்கு எதற்கு?

பாரசிட்டமால் பாதுகாப்பான மருந்தா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எத்தனை கிலோ உடம்புக்கு, எந்தச் செறிவில், எத்தனை மணி இடைவெளியில், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டால் பதில் உண்டு. செவிலியர் படிப்பின் முதல் ஆண்டில் 'ஐந்து சரிகள்' என்று ஒரு பாடம் வரும்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஐந்தில் 'அளவு', 'நேரம்' என்ற இரண்டுக்குள் மேற்சொன்ன நான்கு எண்கள் ஒளிந்திருக்கின்றன. இந்தப் பையனை வைத்தே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

காய்ச்சலை இறக்குவது எது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். கிருமி நுழைந்ததும் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. அது ஹைப்போதலாமஸின் இலக்கை ஏற்றிவிடுகிறது. 98.6 என்று இருந்த இலக்கு 102 ஆகிவிட்டால், 99-இல் இருக்கும் உடம்புக்குக் குளிர்வது போலத் தோன்றும். நடுங்குகிறோம், போர்த்திக்கொள்கிறோம், சூடு ஏறுகிறது.

பாரசிட்டமால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கிறது. இலக்கு இறங்கும், வியர்க்கும், சூடு தணியும். வாய்வழியாகக் கொடுத்தால் இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். கிருமியை இந்த மருந்து தொடுவதே இல்லை. அதனால் காய்ச்சலின் காரணம் உள்ளே இருக்கும்வரை, மருந்தின் வேகம் குறைந்ததும் சூடு திரும்ப ஏறத்தான் செய்யும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். அளவை இரட்டிப்பாக்கினால் காய்ச்சல் இரண்டு பங்கு இறங்காது. ஓர் எல்லைக்கு மேல் பலன் கூடுவது நின்றுவிடுகிறது. கல்லீரலுக்கு வரும் வேலை மட்டும் நிற்காமல் கூடுகிறது.

கல்லீரலில் மூன்று வழிகள்

குடலிலிருந்து உறிஞ்சப்பட்ட மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. உடம்பைப் பொறுத்தவரை பாரசிட்டமால் ஓர் அந்நியப் பொருள். அதைத் தண்ணீரில் எளிதாகக் கரையும் வடிவத்துக்கு மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுவது கல்லீரலின் வேலை. இதற்கு அது இரண்டு ஒட்டுகளை வைத்திருக்கிறது. ஒன்று சர்க்கரையிலிருந்து வரும் குளுக்குரோனிக் அமிலம், மற்றொன்று கந்தகம் உள்ள சல்பேட். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மருந்து இந்த இரண்டில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியேறுகிறது.

மூன்றாவது வழி குறுகலானது. அதில் போவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குதான். ஆனால் அந்த வழியில் கல்லீரல் நொதிகள் மருந்தை வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. வேதியியலார் அதை என்ஏபிக்யூஐ என்பார்கள். நாம் 'முரட்டுப் பொருள்' என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் பட்ட புரதத்தின் மீதெல்லாம் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. விட்டால் கல்லீரல் உயிரணுவையே கொன்றுவிடும். அப்படி விடாமல் பிடித்து அடக்குவது குளூட்டாதயோன் என்ற காவல் பொருள். கல்லீரல் அதைத் தானே தயாரித்து இருப்பு வைத்துக்கொள்கிறது.

குளூட்டாதயோன் இருப்பை வீட்டு மேல்நிலைத் தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். கீழே குழாயைத் திறந்து பயன்படுத்திக்கொண்டே இருக்கிறோம், மேலே மோட்டார் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்கப் பரவலாகச் செலவானால் தொட்டி காலியாவதில்லை. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் மோட்டாரால் ஈடுகட்ட முடியாது. கல்லீரலில் இருப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனதும் முரட்டுப் பொருள் பிடிபடாமல் தப்பிக்கத் தொடங்குகிறது.

சிலரின் தொட்டி முதலிலேயே பாதிதான் நிறைந்திருக்கும். நாட்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஊட்டம் குறைந்தவர்கள், பல நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். குடிப்பழக்கம் மூன்றாவது வழியை அகலப்படுத்தவும் செய்கிறது. மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்து சோற்றைத் தொடாத குழந்தையும் இந்தப் பட்டியலில் உண்டு என்பதைச் செவிலியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதிகமாக மருந்து கேட்கப்படுவதும் பெரும்பாலும் அந்தக் குழந்தைக்குத்தான்.

பிறந்த குழந்தைக்கு முதல் வழி இன்னும் முழுதாகத் திறந்திருக்காது. அதனால்தான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் அளவு குறைகிறது, இடைவெளி நீள்கிறது. பூனைக்கு அந்த முதல் வழி வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது. மனிதருக்குக் கொடுக்கும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். வீட்டுப் பூனைக்கு உடம்பு சுட்டால் மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள்.

முதல் எண்: எடை

நம் பையனின் எடை 12 கிலோ. குழந்தைகளுக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மேல் அளவையே எடுத்துக்கொண்டால் 12-ஐ 15-ஆல் பெருக்கி 180 மி.கி. வருகிறது. இந்த 180-ஐ நினைவில் வையுங்கள்.

'ரெண்டு வயசுன்னா ஒன்றரை மூடி' என்று வயதை வைத்து அளப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் ஒரே அங்கன்வாடியில், ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று 9 கிலோவும் இன்னொன்று 14 கிலோவும் இருக்கலாம். 14 கிலோ பிள்ளைக்குப் பொருந்தும் 210 மி.கி.யை 9 கிலோ பிள்ளைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 23 மி.கி.க்கு மேல் போய்விடும். வயது ஒன்றுதான், கல்லீரல் ஒன்றல்ல.

எடை என்பது இன்று தராசில் பார்த்த எடையாக இருக்க வேண்டும். போன தடுப்பூசிக்குப் போனபோது இருந்த எடையோ, அம்மா குத்துமதிப்பாகச் சொல்வதோ போதாது. காலணி, கனத்த துணி எல்லாம் கழற்றி, தராசின் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கிலோவில் எழுத வேண்டும்.

பெரியவர்களுக்கு எடை வேண்டியதில்லை என்று நினைப்பதும் தவறு. 38 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 1 கிராம் மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு 26 மி.கி. ஆகிறது. ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பு வளர்ந்த, நலமான உடம்புக்குச் சொன்னது. 50 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் அதைக் குறைப்பார்கள்.

இரண்டாம் எண்: செறிவு

வீட்டு அலமாரியிலோ வார்டு ட்ராலியிலோ இருக்கும் பாரசிட்டமால் புட்டிகளை வரிசையாக எடுத்து மேசையில் வைத்து, லேபிளில் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.

முதல் புட்டி சிரப். '5 மி.லி.யில் 120 மி.கி.' என்று இருக்கும். சில நிறுவனங்கள் 125 என்று போடும். இரண்டாவது புட்டியும் சிரப்தான், நிறமும் மணமும் அதேதான், பெயருக்குப் பின்னால் மட்டும் ஓர் எண்ணோ 'டிஎஸ்' என்ற எழுத்துகளோ ஒட்டியிருக்கும். அதில் 5 மி.லி.யில் 250 மி.கி. மூன்றாவது, கைக்குள் அடங்கும் சின்னப் புட்டி, மூடியோடு ஒரு துளிக்குழாய். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. சிறியது என்பதால் லேசானது என்று தோன்றும். லேபிளில் '1 மி.லி.யில் 100 மி.கி.' என்று இருக்கும். நான்காவது வார்டில் மட்டும் இருப்பது, டிரிப்பாக ஏற்றும் 100 மி.லி. புட்டி. அதில் 1 மி.லி.க்கு 10 மி.கி.

ஒரு மி.லி. திரவத்தில் எத்தனை மி.கி. மருந்து கரைந்திருக்கிறது என்பதுதான் செறிவு. நம் பையனுக்கு வேண்டியது 180 மி.கி. முதல் புட்டியில் அது 7.5 மி.லி. இரண்டாவதில் 3.6 மி.லி. சொட்டு மருந்தில் 1.8 மி.லி. டிரிப்பில் 18 மி.லி. பிள்ளை ஒன்று, மருந்து ஒன்று, 180 மி.கி. என்பதும் ஒன்று. ஊற்ற வேண்டிய அளவு மட்டும் நான்கு விதம்.

வீட்டில் 'ஒன்றரை மூடி' பழகிய கை, சிரப் தீர்ந்துபோன இரவில் தம்பிப் பாப்பாவின் சொட்டு மருந்தை எடுத்து அதே 7.5 மி.லி.யை ஊற்றினால் என்ன ஆகும்? 750 மி.கி. உள்ளே போகும். இந்தப் பையனுக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட அளவு, கிலோவுக்கு 60 மி.கி. வீதம், 720 மி.கி. ஒரே வாயில் ஒரு நாளைய வரம்பு தாண்டிவிடுகிறது.

வார்டில் இதே தவறுக்கு வேறு முகம். கேஸ் ஷீட்டில் '180' என்று மட்டும் எழுதியிருக்கிறது. மி.கி.யா, மி.லி.யா? எழுதியவர் மனதில் மி.கி. அவசரத்தில் படிப்பவர் மி.லி. என்று எடுத்துக்கொண்டால் 18 மி.லி. போக வேண்டிய இடத்தில் புட்டி முழுவதும் இறங்கி 1000 மி.கி. உள்ளே போய்விடும். டிரிப் பாரசிட்டமாலில் இந்தப் பத்து மடங்குக் குழப்பம் பல நாடுகளில் நடந்து, எச்சரிக்கை அறிவிப்புகளே வெளிவந்திருக்கின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாவிட்டால் அந்த உத்தரவு முடிவு பெறவில்லை என்று அர்த்தம். எழுதியவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

புள்ளி விஷயமும் இப்படித்தான். 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும். .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் வேண்டாம், புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம் வேண்டும். 5 என்றும் 0.5 என்றும் எழுதுவதே முறை.

அளக்கும் கருவிக்கும் இதே கண்டிப்பு தேவை. சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல ஒன்று இருப்பதில்லை. பாலாடையில் புகட்டுவது தவறில்லை. ஆனால் மருந்தை முதலில் ஊசியில்லாத சிரிஞ்சில் மி.லி. பார்த்து உறிஞ்சி, பிறகு பாலாடைக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாம் எண்: இடைவெளி

பாரசிட்டமால் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகிறது. இதை 'அரை ஆயுள்' என்பார்கள். ஆறு மணிக்குக் கொடுத்த 180 மி.கி. எட்டு மணிக்கு 90, பத்து மணிக்கு 45, பன்னிரண்டுக்கு 22 சொச்சம் என்று தோராயமாக இறங்கும். பன்னிரண்டு மணிக்கு அடுத்த வேளை கொடுக்கும்போது உடம்பு ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்திருக்கும்.

அம்மா கேட்டபடி எட்டு மணிக்கே இன்னொரு 180 கொடுத்தால், மிச்சமிருக்கும் 90-உடன் சேர்ந்து 270 ஆகும். பத்து மணிக்கு மறுபடி கேட்டுக் கொடுத்தால், 135-உடன் 180 சேர்ந்து 315. ஒரு தடவை கொடுத்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். உண்மையில் ஒரே ஒரு முறை முன்னால் கொடுத்ததால் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை, அதுதான் இதில் உள்ள பொறி. ஒன்றும் ஆகவில்லை என்ற துணிச்சலில் இரண்டு மணிக்கொருமுறை என்று வழக்கமாகிவிட்டால், ஒரு நாளில் பன்னிரண்டு வேளை, 2160 மி.கி. ஆகிவிடும். அவ்வளவும் அந்தச் சிறு கல்லீரல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வரம்பின் மூன்று மடங்கு அது.

வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது என்பது பொது விதி. வார்டில் ஆறு மணிக்கொருமுறை என்று வைத்துக்கொள்வது இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் எளிய ஏற்பாடு. கொடுத்த நேரத்தைக் கொடுத்த கையோடு எழுதுவதும் இதற்காகத்தான். ரவுண்ட்ஸ் முடிந்து, டியூட்டி மாறி, அடுத்து வரும் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்க்கிறார். அங்கே கையெழுத்து இல்லையென்றால் மருந்து கொடுக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்வார். எழுத மறந்த ஒரு டோஸ் இரண்டு டோஸ் ஆகும் வழி இதுதான்.

நான்காம் எண்: கூட்டுத்தொகை

இதுவரை பார்த்த மூன்றையும் சரியாகச் செய்தும் தவறு நடக்கலாம். நம் பையனுக்கு வார்டில் 180 வீதம் நான்கு வேளை, சரியாக 720. ஆனால் அம்மாவின் பையில் இன்னொரு புட்டி இருக்கிறது. வரும் வழியில் மருந்துக்கடையில் வாங்கிய சளி மருந்து. மூக்கு ஒழுகுகிறதே என்று காலை, மதியம், இரவு 5 மி.லி. அவரே கொடுத்துவருகிறார். அந்தக் கூட்டு மருந்தின் லேபிளில் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் ஆகியவற்றுக்குக் கீழே மூன்றாவது வரியில் 'பாரசிட்டமால் 125 மி.கி.' என்று இருக்கிறது. மூன்று வேளைக்கு 375. ஆக மொத்தம் 1095 மி.கி., கிலோவுக்கு 91. வார்டில் யாரும் தவறு செய்யவில்லை, வீட்டாரும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு விவரமும் தேவை. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த இந்த வகைச் சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் உத்தரவிட்டது. நம் பையனுக்கு வயது இரண்டு.

பெரியவர்களிடமும் இதே கதைதான். டெங்குக் காலத்தில் ஒருவருக்கு 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை, மொத்தம் 2600. அவர் மூட்டுவலிக்கென்று ஏற்கெனவே போட்டுவரும் மாத்திரையில் அசிக்ளோபினாக்குடன் 325 மி.கி. பாரசிட்டமாலும் உண்டு. இரண்டு வேளைக்கு 650. கூட்டினால் 3250. டெங்கு நோயாளிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 3 கிராம்தான், ஏனென்றால் டெங்கு கல்லீரலையும் தாக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து அந்த வலி மாத்திரையின் இன்னொரு பாதி. அசிக்ளோபினாக், டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் எல்லாம் வயிற்றுச் சவ்வைப் புண்ணாக்குபவை, ரத்தத் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை. தட்டணு குறைந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு ரத்தக்கசிவை அவை கூட்டிவிடும். டெங்குவில் பாரசிட்டமால் மட்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே அட்மிஷன் எழுதும்போது 'வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?' என்று கேட்டால் போதாது. 'இல்ல சிஸ்டர்' என்று பதில் வந்துவிடும். சளி மருந்து, வலி மாத்திரை, தைலம், நாட்டு மருந்து எல்லாம் பலர் கணக்கில் 'மருந்து' இல்லை. 'பையில இருக்கிற மருந்து, சிரப்பு எல்லாத்தையும் மேசை மேல வைங்கம்மா, பாக்கலாம்' என்று கேட்பதே பயன் தரும்.

கெடுதல் தெரியாமல் நடக்கும் இரண்டு நாள்

பாரசிட்டமால் அளவு மீறினால் உடனே எதுவும் தெரியாது. முதல் நாள் குமட்டல், கொஞ்சம் வாந்தி, சிலருக்கு அதுவும் இல்லை. நோயாளி நன்றாகவே பேசுவார். இரண்டாம் நாளிலிருந்து வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கும், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறும். மூன்று, நான்காம் நாளில் மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு, மயக்கம் என்று முற்றலாம். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருப்பது இந்த மருந்தில் செய்யக் கூடாத காரியம்.

இத்தனையும் தெரிய வெகுகாலம் ஆயிற்று. பாரசிட்டமால் 19-ஆம் நூற்றாண்டிலேயே தயாரிக்கப்பட்டும் பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1948 வாக்கில் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் அதன் மதிப்பைக் காட்டிய பிறகு, 1950-களில் கடைகளுக்கு வந்தது. அளவு மீறினால் கல்லீரல் அழியும் என்று பிரிட்டனிலிருந்து அறிக்கை வந்தது 1966-இல்தான். முரட்டுப் பொருள், குளூட்டாதயோன் கதையை ஜெரி மிட்செலும் சகாக்களும் அமெரிக்காவில் 1973-இல் வெளியிட்டார்கள். காரணம் தெரிந்ததும் மருந்தும் பிடிபட்டது. காலியான தொட்டியை நிரப்பும் மூலப்பொருளைக் கொடுத்தால் போதுமல்லவா? சளியை இளக்கப் பயன்பட்டுவந்த அசிட்டைல்சிஸ்டீன் என்ற பழைய மருந்து அந்த வேலையைச் செய்தது. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் 1970-களின் இறுதியில் அதை முறிமருந்தாக நிலைநாட்டினார்.

அளவு மீறி எட்டு மணி நேரத்துக்குள் இந்த முறிமருந்தைத் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போகப் பலன் குறையும், ஆனாலும் கொடுப்பார்கள். தவறுதலாகவோ வேறு எந்தக் காரணத்தாலோ ஒருவர் அதிகமாக விழுங்கியிருந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். மாத்திரை அட்டையையும் கூடவே எடுத்துப் போங்கள். அதிலிருந்துதான் அளவைக் கணக்கிட முடியும்.

மற்ற மருந்துகளிலும் இதே எண்கள்

பாரசிட்டமால் பல மடங்கு தவறைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளும், முறிமருந்துக்கு நேரமும் கொடுக்கும். வார்டில் அப்படிப் பொறுக்காத மருந்துகள் உண்டு. அவற்றை 'உயர் எச்சரிக்கை மருந்துகள்' என்று தனியாக வைக்கிறார்கள்.

இன்சுலினில் பிரச்சினை செறிவு. இந்தியாவில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள வயலும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். மாற்றி இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது. யூனிட் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். முழுச் சொல்லாகவே எழுத வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடில் பிரச்சினை வேகம். 10 மி.லி. ஆம்பூலை உடைத்து நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். டிரிப் புட்டியில் நீர்த்து, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேல் போகாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். ஆம்பூலைச் சேர்த்ததும் புட்டியைப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். இல்லையேல் கனமான மருந்து அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும்.

இதய மருந்தான டிஜாக்ஸினில் பார்க்க வேண்டிய எண் நோயாளியின் நெஞ்சில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவருக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதே நோயாளிக்கு நீர் பிரிய ஃப்ரூசமைடும் போகிறதென்றால் கூடுதல் கவனம் தேவை. அது பொட்டாசியத்தை வெளியேற்றும், பொட்டாசியம் குறைந்தால் வழக்கமான அளவு டிஜாக்ஸினே நஞ்சாகும். ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியில் எடையோடு சிறுநீரகத்தின் நிலையும் சேர்கிறது. சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து தேங்கி, காது கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேட்பவரே காப்பவர்

தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கோடு உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. தீங்கில்லா மருந்து என்பது அதன் முழக்கம். பெரிய இலக்குதான், ஆனால் அது நிறைவேறும் இடம் ட்ராலிக்கும் கட்டிலுக்கும் இடையிலுள்ள இரண்டடி தூரம். மருத்துவர் எழுதுவதில் தவறு நேர்ந்தால் மருந்தாளுநர் பிடிக்கலாம், அவர் விட்டதைச் செவிலியர் பிடிக்கலாம். செவிலியருக்குப் பின்னால் பிடிக்க யாரும் இல்லை.

அதனால் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எழுதியவர் எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும், எண் பொருந்தவில்லை என்றால் 'சார், பையன் பன்னெண்டு கிலோ, இந்த டோஸ் கூடுதலா வருது, ஒரு தடவை பாக்குறீங்களா?' என்று கேளுங்கள். போனில் சொன்ன உத்தரவை எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். உயர் எச்சரிக்கை மருந்தை இன்னொரு சிஸ்டரின் கண் பார்க்காமல் ஏற்றாதீர்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் இருப்பவர்.

மற்ற வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளையின் இப்போதைய எடையைத் தெரிந்துவைத்திருங்கள். சிரப் வாங்கியதும் லேபிளில் 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று படியுங்கள். கொடுத்த நேரத்தைக் காலண்டரில் குறியுங்கள். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வீட்டில் கொடுத்துவந்த எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிஸ்டர் மூன்றாம் முறையாகப் பெயர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள்.